ருஷ்யா வண்டியின் பதினெட்டு நட்டுகள்

ஆகஸ்ட் 25, 2025, திங்கள்

காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. ஒரு நட்டுகூட அசையவில்லை.

முப்பத்தைந்து வருடம் பஸ் டிப்போவில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். எத்தனையோ நட்டுகளைப் பார்த்திருக்கிறேன். முரண்டு பிடிக்கும், கிறீச்சிடும், கடைசியில் வழிக்கு வரும். இது சத்தம்கூடப் போடவில்லை. ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் சொருகி அதன்மேல் ஏறி நின்றேன். அறுபது வயது, எழுபத்தெட்டுக் கிலோ. பைப்தான் வளைந்தது.

என் வீட்டுக்காரி அலமு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "ரிடையர் ஆனவங்க கோயிலுக்குப் போறாங்க, வாக்கிங் போறாங்க. நீங்க இன்னாத்துக்கு இந்த இரும்பு மேல ஏறி நின்னுக்கினு இருக்கிறீங்க?"

ஏன் என்று அவளுக்கே தெரியும். முப்பது வருடமாகத் தெரிந்த விஷயங்களைத்தான் அவள் கேள்வியாகக் கேட்பாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றும் ஒன்றும் இல்லை. கோபம் தணியட்டும் என்று காரணத்தை எழுதி வைக்கிறேன்.

போன வாரம் வாலாஜாபாத்தில் ஒரு காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி என் அண்ணன் வேல்முருகன். யாரோ ஒரு பெரியவர் கேட்டார், உங்கப்பா ஏலத்தில் எடுத்தாரே அந்த ருஷ்யா செயின் டிராக்டர், இன்னும் இருக்கிறதா என்று. அண்ணன் பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இருக்குது. எந்தம்பி தண்ணி ஊத்தாம ஓட்டி இஞ்சினைப் பிடிக்க வச்சான், அப்பத்துலேர்ந்து ஓரிக்கை கொட்டாயிலயே நிக்குது. பேரு மட்டும் மெக்கானிக்கு."

சிரித்தார்கள். என் இலையில் பாயசம் ஊற்றிய பையன்கூடச் சிரித்தான். நான் எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

இருபத்தொரு வருடம் ஆகிறது. 2004 மே மாதம், பாலாற்றங்கரை நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தோம். மதியம் வரை நான் ஓட்டினேன், மதியத்துக்குமேல் அண்ணன். நாலு மணிக்கு வண்டி நின்றது. மறுபடி கிளம்பவில்லை. இஞ்சின் சிக்கிவிட்டது என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை, ஆயில் பார்ப்பது அவர் வேலை. நீ தண்ணீர் ஊற்றவில்லை என்றார். நீ ஆயில் பார்க்கவில்லை என்றேன். அதற்குமேல் பேசியதை எழுத மாட்டேன். தெரு முழுக்க வந்து நின்று கேட்டது. அடுத்த மாதம் அவர் குடும்பத்தோடு வாலாஜாபாத் போய் ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வண்டி என் பங்கில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதோடு சரி.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனோம். தப்பு செய்தவன்தான் இஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும். அவரும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். அதனால் யாருமே திறக்கவில்லை.

இப்போது நான் திறக்கிறேன். ஊருக்கு, பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்டப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஓட்டுவது அப்புறம். தண்ணீர் இல்லாமல் ஓடியிருந்தால் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல் இருக்கும். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் உள்ளே கோடு கோடாக உரசல் இருக்கும். நான் தண்ணீர் ஊற்றினேன். எந்தக் குடம் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. ஹெட்டைத் தூக்கி, உரசலைப் படம் பிடித்து, அடுத்த விசேஷத்தில் பந்தி பந்தியாகக் காட்டுவேன்.

நடுவில் நிற்பது ஹெட்டைப் பிடித்திருக்கும் பதினெட்டு நட்டு.

ஆகஸ்ட் 27

டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஒவ்வொன்றின் மேலும் ஊற்றினேன். ஊறுகிறது.

ஆகஸ்ட் 30, சனி

இன்னும் ஊறுகிறது.

தெருவில் எல்லாருமே மெக்கானிக் ஆகிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் புளித்தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். பேப்பர் போடுகிறவர் கோலா ஊற்றச் சொல்கிறார், மொபைலில் பார்த்தாராம். நெய்கிற வீட்டம்மா ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு அலமுவிடம் சொன்னாளாம்: "பாவு சிக்கிக்கினா கூட நாங்க ஒரு நாள்ல எடுத்துடுவோமேக்கா." எடுப்பீர்கள் அம்மா. பட்டு நூல் துருப்பிடிக்காது.

செப்டம்பர் 3, புதன்

வந்தது!

பத்து மணிக்கு ஓரத்து நட்டு 'டக்' என்றது. உடைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, சுற்றியது. அந்த உற்சாகத்தில் இரண்டாவது, மூன்றாவது. அலமுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூணுதானா?" என்றாள்.

நாலாவதில் அவசரப்பட்டேன். நட்டு வரவில்லை, அது மாட்டியிருந்த ஸ்டட் கம்பியே முறிந்து கையோடு வந்துவிட்டது. பாதிக் கம்பி இஞ்சினுக்குள், பாதி என் கையில். நான் பின்னால் போய் வைக்கோல் மேல் விழுந்தேன். முறிந்த துண்டை வீசி எறிந்தேன், அது போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அதை எடுக்கத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஏன் எடுத்தேன்? அதனால் ஒரு உபயோகமும் இல்லை. சே.

செப்டம்பர் 6, சனி

ஷரீஃப் பாயைக் கூப்பிட்டேன். ஒலிமுகமதுபேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருக்கிறார். டிப்போ நாட்களிலிருந்து பழக்கம். என்னைவிடப் பத்து வயது சிறியவர், என்னைவிடப் பத்து மடங்கு பொறுமை. அதுவே எனக்கு எரிச்சல்.

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். "நல்லா மஞ்சள் குங்குமம்லாம் வச்சிருக்கீங்கண்ணா. மசாலா தடவின மாதிரி இருக்குது" என்றார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைப்பது, கெட்டியாகப் படிந்து கிடக்கிறது. முறிந்த கம்பியின் தலையில் ஒரு புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சூடு ஆறும்வரை டீ குடித்தார். எனக்கு டீ இறங்கவில்லை. அப்புறம் ஸ்பேனரைப் போட்டு, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம், முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம், குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி அரை மணி நேரம். வந்துவிட்டது.

"இது கோவத்துல வராதுண்ணா."

"கோவம் இல்லேன்னா நான் தொட்டே இருக்க மாட்டேன் பாய்."

சிரித்தார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் மதியம் முழுக்க என்னைக் குடைகிறது. "அப்பவே ஒரு நாள் தொறந்து பாத்திருந்தா இன்னாண்ணா? வண்டி சூடா இருந்துச்சு. ரெண்டு மணி நேர வேலை."

ரெண்டு மணி நேர வேலைதான். தெரியாதா எனக்கு? தப்பு செய்யாதவன் எதற்குத் திறக்க வேண்டும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

எட்டு வந்துவிட்டது. பத்து பாக்கி.

அண்ணி தையல்நாயகிக்குப் போன் செய்தேன். அவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, இந்த இருபத்தொரு வருடமும் என்னையும் அண்ணனையும் சேர்த்துச் சுமந்த மனுஷி. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைத் தூக்கப்போகிறேன், அண்ணனை வந்து தன் கண்ணாலேயே பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்றேன்பா. வருவாருன்னு நெனச்சிக்காத." அப்புறம், "தூக்கிட்டு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்கள்.

உண்மை தெரியும் என்றேன். குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டார்கள். விசில் எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பதினொன்று வந்தது. மூன்று முறிந்து பாய் எடுத்துக் கொடுத்தார். நாலு இன்னும் அப்படியே. அந்த நாலும் நடுவில், புகைக்குழாய்ப் பக்கம். அங்கே மட்டும் ஏன் இத்தனை துரு என்று தெரியவில்லை.

நட்டைச் சூடாக்கி அதன்மேல் மெழுகுவர்த்தியை வைத்தேன். மெழுகு உருகித் திருகு மரைக்குள் இறங்குமாம். என் கட்டைவிரலுக்குள்தான் இறங்கியது.

செப்டம்பர் 24

விரல் வீக்கம். வேலை இல்லை. வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். வீட்டில் இருப்பது அலமு ஒருத்திதான்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வேலைக்கு லீவு. ஆனால் வண்டிக்குப் பூஜை உண்டு.

இதை மட்டும் நான் ஒரு வருடமும் விட்டதில்லை. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று ஊரே கேட்டிருக்கிறது. அண்ணன் விட்டுவிட்டுப் போனார், நான் விடவில்லை. வருடா வருடம் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரு மணி நேரம் கழுவுவேன். மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். சந்தனம், குங்குமம், புகைக்குழாய்க்குச் சாமந்தி மாலை. நின்றுபோனாலும் மரியாதையோடு நிற்க வேண்டும்.

இந்த வருடம் இஞ்சின் பாதி திறந்து கிடப்பதால், திறந்த இடத்தை எல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் தண்ணீர் அடித்தேன். ஒரு சொட்டு உள்ளே போயிருக்காது. முப்பத்தைந்து வருட அனுபவம்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதினைந்தாவது, பதினாறாவது. ஒரே நாளில் இரண்டு! அலமு பாயசம் செய்தாள். கேலிக்குத்தான் செய்தாள், இருந்தாலும் நன்றாக இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

பதினெட்டும் வந்துவிட்டது. ஆறரை வாரம்.

ஹெட் மட்டும் வரவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது எல்லாம் போன பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். தெரு நாய் எழுந்து போனது.

அக்டோபர் 12, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

ஷரீஃப் பாய் செயின் பிளாக் கொண்டுவந்தார். கொட்டகை விட்டத்தில் மாட்டி, புகைக்குழாயைக்கூடக் கழற்றாமல் ஹெட்டை அப்படியே தூக்குவதாக ஏற்பாடு. அண்ணன் வரவில்லை. பத்தரை வரை காத்திருந்தேன். பாய் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார். அப்புறம் இழுத்தோம்.

ஒரு பக்கம் எழும்பியது. சாய்ந்தது. புகைக்குழாய்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொட்டியது.

மஞ்சள் தண்ணீர்.

அதில் சாமந்தி இதழ். பத்து நாள் பழசு, அழுகி, ஆனாலும் சாமந்தி என்று தெரிகிறது. அதற்குக் கீழே கறுப்பாய், சிவப்பாய் ஒரு சேறு. விரலில் எடுத்துப் பார்த்தேன். குங்குமம். எத்தனை வருடக் குங்குமமோ.

பாய் அண்ணாந்து புகைக்குழாயின் வாயைப் பார்த்தார். வானத்தைப் பார்த்துத் திறந்த வாய். மூடி எப்போதோ விழுந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

ஒன்று, இரண்டு, நாலு சிலிண்டர்கள் பளபளவென்று இருக்கின்றன. ஆயில் பூசி, கண்ணாடி மாதிரி. ஒரு உரசல் கோடு இல்லை. ஹெட்டில் விரிசல் இல்லை. 2004-இல் தண்ணீரும் இருந்தது, ஆயிலும் இருந்தது. நானும் தப்பு செய்யவில்லை, அவரும் தப்பு செய்யவில்லை.

மூன்றாவது சிலிண்டர் மட்டும் — வண்டி நின்றபோது அதன் புகை வால்வு திறந்திருக்கிறது. குழாயில் விழுந்த தண்ணீர் எல்லாம் அதற்குள் போயிருக்கிறது. மழைத் தண்ணீர் கொட்டகைக்குள் வராது. அது முழுக்க நான் அடித்த தண்ணீர். பிஸ்டன் துருவோடு துருவாக உறைந்து, எது பிஸ்டன் எது சுவர் என்று தெரியவில்லை.

நல்லாத்தான இருந்திருக்குது. நின்ன அன்னிக்கு நல்லாத்தான் இருந்திருக்குது. நான்தான் ஊத்துனேன். மோட்டாரப் போட்டு, ஹோஸ் புடிச்சு, மேல நின்னுக்கினு, மரியாதைன்னு சொல்லிக்கினு, இருவத்தோரு வருஷம் நானே ஊத்துனேன். பத்து நாளைக்கு முன்னாடி கூட ஊத்துனேனே! எல்லாத்தையும் மூடிக் கட்டிட்டு அந்தக் கொழாய மட்டும் தொறந்து வச்சி மாலை போட்டனே!

அக்டோபர் 13

நாள் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்படியானால் அன்றைக்கு வண்டி ஏன் நின்றது? அதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று டீசல் வழியைப் பிடித்துக்கொண்டு போனேன். டேங்குக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு, டீசலில் வரும் அழுக்கு தங்குவதற்கு. ஒரே ஒரு திருகு. அது கையாலேயே வந்தது. கிண்ணம் நிறையச் சேறு, கல்லாய்க் காய்ந்து.

டீசல் போகவில்லை. வண்டி நின்றது. அவ்வளவுதான். கழுவி மாட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் ஓடியிருக்கும்.

அதை வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை கழுவுவது வழக்கம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அண்ணன். அந்த வாரம் யார் முறை? உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குடம் ஞாபகம் இருக்கிறது, இது ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. ஒருவேளை எனக்குச் சௌகரியமானது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதோ?

அக்டோபர் 16, வியாழன்

ஹெட்டைத் திரும்ப வைத்து மூடிவிடலாம். பாய் யாரிடமும் சொல்ல மாட்டார். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. பந்தியில் அண்ணன் சொல்வதைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

இதை அலமுவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உரசல் இருந்திருந்தா அதக் காட்ட அன்னிக்கே வாலாஜாபாத் பஸ் ஏறியிருப்பீங்க."

இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அக்டோபர் 20, தீபாவளி

மழை. கொட்டகைக்குள் போகவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

போய்விட்டு வந்துவிட்டேன்.

தயிர் டப்பாவில் அந்தச் சேற்றையும் இதழ்களையும் போட்டு எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "யாரோ வந்துக்குறாங்க பாரு" என்றார். அண்ணி வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டு காபி போடப் போனார்கள்.

டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பஸ்ஸில் நாலு தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. ஆயில் இருந்துச்சு, தண்ணியும் இருந்துச்சு, டீசல் கிண்ணம் அடைச்சிக்கினு நின்னுடுச்சு, அப்புறம் வருஷா வருஷம் நான்தான் கழுவுறேன்னு கொழாய்க்குள்ள தண்ணி ஊத்தி மூணாவது சிலிண்டரைக் கெடுத்துட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார். டீசல் கிண்ணம் என்றபோது மட்டும் அவர் முகம் எப்படியோ ஆனது, கோபம் என்று நினைத்தேன். பிறகு, "மூணாவது மட்டுமா?"

"மூணாவது மட்டும்."

"மேலேர்ந்து அடிக்காத. டீசல ஊத்தி ஊற வையி. அடிச்சன்னா ஒடஞ்சிடும்." டப்பாவை மூடினார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதற்கா பஸ் ஏறினேன்? போகட்டும் விடு என்று ஒரு வார்த்தை. உட்காரு என்று ஒரு வார்த்தை. அடிக்காதேயாம். பஸ் மெக்கானிக்குக்கு ரைஸ் மில்காரர் சொல்லித் தருகிறார். அண்ணி கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் மூன்றாவது சிலிண்டரில் நிறைய டீசல் ஊற்றினேன். அவர் சொன்னதற்காக இல்லை. அதுதான் சரியான முறை.

நவம்பர் 2, ஞாயிறு

டீசல் மட்டம் இறங்கவே இல்லை. அத்தனை இறுக்கம்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், கொட்டகையில் சத்தம். ஓடிப் போனால் அண்ணன். வண்டிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரிகிறது.

"கீழ இருக்குற மூடிய இன்னும் கழட்டலையா நீ?" இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு இந்தக் கொட்டகையில் அவர் சொன்ன முதல் பேச்சு இது. நலமா என்று இல்லை. மூடியைக் கழட்டலையா.

நாள் முழுக்க இதே கதை. ஸ்பேனரை இப்படியா பிடிப்பது, விளக்கை அங்கேயா வைப்பது. கீழ் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றுவது யார் என்று ஒரு சண்டை. எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு சண்டை. அலமு இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேண்டுமென்றே செய்தாள்.

சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு, "வியாழக்கெழம வரேன்" என்றார். வரச்சொல்லி நான் கேட்டேனா?

நவம்பர் 13, வியாழன்

வந்தார். இரண்டு போல்ட். நாலு சண்டை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று ஒரு போல்ட் முறிந்தது, அவர் கையில். எனக்கு அத்தனை சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். "சிரி, சிரி" என்றார். சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாய்க்குப் போன் செய்தேன். "முன்ன ஒருத்தர், இப்ப ரெண்டு பேரு ஒடைக்கிறீங்க" என்றார்.

நவம்பர் 20

மழை. வரவில்லை. கோபத்தில் வரவில்லையா, மழையால் வரவில்லையா? அண்ணிக்குப் போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். செய்யவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

வந்தார். அன்றைக்கு வராதது மழையால்தான்.

நவம்பர் 27, வியாழன்

காலையில் கீழ் மூடி முழுக்க வந்துவிட்டது. பிஸ்டனைத் தாங்கும் இரண்டு போல்ட்டும் வந்தன. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். கீழேயிருந்து வேப்பங்கட்டையை வைத்து மேல்நோக்கிச் சுத்தியலால் தட்ட வேண்டும். யார் கீழே படுப்பது என்று சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் வரவில்லை.

நான் அடியில் படுத்தேன். அவர் மேலே ஏறி, பிஸ்டன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், அசைந்தால் தெரியும் என்று. எனக்கு அவர் முகம் தெரியாது, அவருக்கு என் முகம் தெரியாது. நடுவில் இஞ்சின். தட்டினேன். ஒன்றுமில்லை. தட்டினேன். என் முகத்தில் டீசல் சொட்டியது. ஐம்பது தட்டு இருக்கும். அறுபது. "இருக்குதா?" என்பேன். "இல்ல" என்பார். மறுபடி தட்டுவேன்.

கை ஓய்ந்து கொஞ்சம் நிறுத்தினேன். மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"அந்த வாரம் என் மொறடா."

கட்டையைப் பிடித்தபடி கிடந்தேன்.

"அந்தக் கிண்ணம். சனிக்கெழம நான் கழுவல. மில்லுல ஆள் எடுக்குறாங்கன்னு பாக்கப் போய்ட்டேன். ஒங்க யாராண்டயும் சொல்லல." நிறுத்தினார். "வண்டி நின்னப்பவே எனக்கு அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வந்துச்சு. எங்க போனன்னு கேப்பியேன்னு முந்திக்கினேன். தண்ணி, கிண்ணின்னு கத்திட்டேன்."

அப்படியானால் அன்று நாலு மணிக்கே அவருக்குத் தெரியும். நான் குடத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தபோதே தெரியும். காதுகுத்துப் பந்தியில் பேசியபோதும் தெரியும். இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இருபத்தொரு வருடம். இதற்காகத்தான் பதினெட்டு நட்டு, மூன்று ஸ்டட், ஒரு கட்டைவிரல். இப்போது கேட்க எத்தனையோ இருந்தது. கண்ணில் டீசலோ என்னவோ எரிந்தது.

"கைய எடுண்ணா" என்றேன். "அடிக்கப் போறேன். வெரல் மாட்டிக்கும்."

அடித்தேன். கொஞ்சம் பலமாகத்தான் அடித்தேன்.

"வருது!" என்று மேலிருந்து கத்தினார். "டேய், வருதுடா! இன்னொண்ணு போடு!"

முக்கால் மணி நேரத்தில் பிஸ்டன் முழுசாக மேலே வந்துவிட்டது. இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கோணிமேல் வைத்தோம். துரு, குங்குமம், எல்லாம் சேர்ந்து செங்கல் மாதிரி இருந்தது. புதுசு போட முடியுமா, எங்கே கிடைக்கும் என்று பேசினோம். பாயிடம் கேட்போம் என்றார். சரி என்றேன். அவர் சாப்பிட்டார், அரை மணி நேரம் கட்டிலில் படுத்தார், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நானும் பஸ் ஸ்டாப் வரை போனேன். அந்த விஷயத்தை இரண்டு பேரும் மறுபடி எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது அலமு வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு பேரும் கொட்டாயில அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தீங்களே, இன்னா பேசினீங்க?"

கையை வாளிக்குள் விட்டேன்.

"போல்ட்டைப் பத்தி" என்றேன்.